பட்டறைக் காது

அக்காவுக்கு நிச்சயம் செய்த அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான், அம்மாவின் தம்பியான மாமா, அவர் மனைவி. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். தரகரும் வந்திருந்தார். வராதவர்கள் இரண்டு பேர்: அப்பாவின் அண்ணனும் அப்பாவின் தங்கையும். பெரியப்பா வீடும் பெங்களூரில் நாங்கள் இருந்த அதே பிரேசர் டவுனில், எங்கள் சந்து போய் முடிகிற இடத்தில். பற்றவைத்த பீடி அணைவதற்குள் நடந்து வந்துவிடலாம். அத்தை ஆனேக்கலில் இருந்தாள். இரண்டு பேரையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம்.

அப்பாவுக்குக் காது கேட்காது. பெரியப்பாவுக்கும் கேட்காது. அத்தைக்கும் கேட்காது. முழுச் செவிடு இல்லை. பக்கத்தில் வந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்திப் பேசினால் பாதி போய்ச் சேரும். நாலு பேர் ஒன்றாகப் பேசும் இடத்தில் ஒன்றுமே சேராது.

"ஒருத்தர்னா வயசுன்னு விட்ருவாங்க. ரெண்டு மூணு பேரா வரிசையா உக்காந்தா வம்சம்னு சொல்லிடுவாங்க" என்றாள் அக்கா.

நான் அப்போது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். மரபணு ஆராய்ச்சி. அக்கா ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவள் சொன்ன அந்த வாக்கியத்தில் திருத்துவதற்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் சிவாஜி நகரில் டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். தகரத்தை இரும்புப் பட்டைமேல் வைத்து ஓரம் மடக்கி அடிக்க வேண்டும். ஒருவர் பிடிப்பார், ஒருவர் அடிப்பார். இருபது சுத்தியல் ஒரே கூரையின் கீழே விழும்போது வாயால் சொல்லி எதுவும் ஆகாது. அதனால் அங்கே எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழக்கம் இருந்தது. பிடிப்பவர் அடிப்பவரின் தொடையில் தட்டுவார். ஒரு தட்டு விழுந்தால் சரி, அடி. இரண்டு விழுந்தால் நிறுத்து. முப்பது வருஷத்துக்கு மேல் அப்பா அந்தத் தட்டுகளை நம்பித்தான் சுத்தியலை இறக்கினார். பெரியப்பாவின் விரல் ஒன்றுகூட நசுங்கவில்லை என்பதில் இரண்டு பேருக்கும் பெருமை உண்டு.

ஐம்பதைத் தொடும்போது பெரியப்பாவுக்குக் காது மங்கியது. பிறகு அப்பாவுக்கும் அதே வயதில். பட்டறைக் காது என்று சொன்னோம். பட்டறையில் வேலை செய்த மற்றவர்களுக்கும் கொஞ்சம் மந்தம் இருந்ததால் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அத்தை பட்டறைப் பக்கமே போனதில்லை. அவள் ஒரு மாணவர் விடுதியில் சமையல் செய்தவள். அவளுக்குச் சின்ன வயதில் வந்த விஷக் காய்ச்சல் என்று சொன்னோம். தாத்தாவுக்கும் கடைசிக் காலத்தில் கேட்காமல் போனதாம். அது வயசு. ஒரே வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம்.

வீட்டிலும் தட்டு வழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்தால் அம்மா அப்பாவின் தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். ரேஷன் கடையில் அவன் சொல்லும் விலைக்கு ஒத்துக்கொள்ளலாம் என்றால் பின்னாலிருந்து ஒரு தட்டு. அப்பா தலையாட்டுவார். பார்க்கிறவர்களுக்கு அவர் கேட்டுத்தான் ஆட்டுகிறார் என்று தோன்றும். வெளியாட்கள் முன்னால் திரும்பக் கேட்க அவருக்குக் கூச்சம். அதைவிடத் தலையாட்டுவது சுலபம்.

நான் எங்கள் வீட்டில் முதலில் பத்தாவது பாஸ் செய்தவன், முதலில் காலேஜ் போனவன். பி.எஸ்ஸி. முடித்து அந்த வேலையில் சேர்ந்தபோது என்ன வேலை என்று அப்பா கேட்டார். ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கிற வேலை என்று காதருகில் போய்ச் சொன்னேன். "ரத்த டெஸ்ட்டா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

அங்கே புதிதாக ஓர் ஆய்வு தொடங்கினார்கள். வயதாகும்போது காது மந்தமாகிற குடும்பங்களைத் தேடிப் பிடித்து, காதைச் சோதித்து, ரத்தம் எடுத்துப் பார்ப்பது. அதை நடத்திய டாக்டரம்மா மைசூர்க்காரர். டீ நேரத்தில் ஒருநாள் எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னேன். சும்மாதான் சொன்னேன். அவர் கப்பைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளை இழுத்தார். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். காது மந்தமானவர்களைக் கறுப்பாக அடைத்தார். தாத்தா, பெரியப்பா, அப்பா, அத்தை. கீழே நானும் அக்காவும் பெரியப்பா, அத்தை பிள்ளைகளும் வெள்ளையாக நின்றோம்.

"எங்களுக்கு நல்லாக் கேக்குது மேடம்" என்றேன்.

"வெள்ளைன்னா வராதுன்னு அர்த்தம் இல்லப்பா. இன்னும் வயசு ஆகலைன்னு அர்த்தம்."

அப்புறம் விளக்கிச் சொன்னார். காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி ஒன்று சுருண்டிருக்கிறது. அதற்குள் மயிரிழை முளைத்த செல்கள். சத்தம் வந்தால் அவைதான் அசைந்து மூளைக்குச் சேதி அனுப்பும். பிறக்கும்போது எத்தனை உண்டோ அவ்வளவுதான். செத்தால் மறுபடி முளைக்காது. எல்லாருக்கும் வயதோடு அவை சாகும். சிலருக்குச் சீக்கிரம் சாகிற வாகு பிறப்பிலேயே இருக்கிறது. அது ஒரு மரபணுவின் வேலை இல்லை, பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். எவை என்று இன்னும் சரியாகத் தெரியாது. அதனால்தான் தேடுகிறோம்.

"அப்ப பட்டறைச் சத்தம்?" என்று கேட்டேன்.

"அதுவும்தான். வாகு இருக்கிற காதில் சுத்தியலும் விழுந்தால் இன்னும் சீக்கிரம். ரெண்டையும் உங்க அப்பா காதில் பிரிச்சுக் காட்ட என்னால முடியாது."

முதலில் போவது கூர்மையான சத்தங்கள் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் முதலில் போனது குக்கர் விசில். அப்பா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னும் விசில் வரலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்த வருஷம் எனக்கு நினைவிருந்தது. அத்தை வீட்டில் விசில் கேட்காமல் குக்கர் அடிப்பிடித்தது. அவள் குக்கரை மாற்றினாள்.

ஆஸ்பத்திரியில் காது சோதனைக்கு அப்பாவையும் பெரியப்பாவையும் கூட்டிப் போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். சோதிக்கும் பெண் கண்ணாடிக்கு வெளியே மிஷினில் கை வைத்திருந்தாள். அவள் கை அசையும்போதெல்லாம் அப்பா அமுக்கினார். முடித்து வெளியே வந்து, "ஒண்ணு கூட விடல" என்றார் என்னிடம். பரீட்சை என்று நினைத்துவிட்டார். எங்கள் வீட்டில் பரீட்சை என்றால் பாஸ் பண்ணியாக வேண்டியது. எனக்காக அவர் அப்படித்தான் சாமி கும்பிட்டிருந்தார்.

அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ஏன் சார், எல்லாத்துக்கும் அமுக்கினா நான் என்ன மாடலி, என்ன பண்றது?" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தாள். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு மறுபடி உட்காரவைத்தாள். இந்த முறை அப்பா பொத்தானைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெடுநேரம் கை அசையவில்லை. காகிதத்தில் கோடு இடப்பக்கம் கொஞ்சம் மேலே தொடங்கி வலப்பக்கம் சரிந்து விழுந்தது. பெரியப்பாவின் கோட்டை அதன்மேல் வைத்தாள். இரண்டும் ஒரே சரிவு.

"பெயிலா?" என்று அப்பா கேட்டார்.

"பெயில் பாஸ் எல்லாம் இல்லப்பா."

"உங்கண்ணன்கூடச் சேந்து பெயில்" என்றார் பெரியப்பா. அவருக்கு என் உதடு தெரிந்திருக்கிறது.

காது மிஷின் வைத்தால் இருவருக்கும் நன்றாகப் பயன்படும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அம்மா தாளை வாங்கி மடித்து அலமாரியில் வைத்தாள். "பொண்ணு கல்யாணம் முடியட்டும். மிஷினைக் காதுல மாட்டிக்கிட்டு எப்படிச் சபையில உக்காருவாரு?" என்றாள்.

அந்த வாரம் எங்கள் ஐந்து பேரின் ரத்தம் எடுத்த குழாய்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. பேர் கிடையாது, நம்பர் மட்டும். எது யாருடையது என்று எனக்குத் தெரியும். சுழற்றி, கழுவி, கடைசியில் குளிர்ந்த ஆல்கஹாலில் விட்டால் மரபணு வெள்ளையாகத் திரண்டு நிற்கும், ஈரப்பஞ்சு நூல் மாதிரி. அப்பாவுடையது, பெரியப்பாவுடையது, அத்தையுடையது, அக்காவுடையது, என்னுடையது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூடியைத் திருகி ஃபிரீசரில் வைத்தேன். கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்.

"எனக்கும் வருமாடா?"

"வரலாம். வராமலும் போகலாம். அம்மா பக்கத்துலேர்ந்தும் பாதி வருதுல்ல."

"இவ்ளோ படிச்சிட்டு இதானா சொல்ற?"

"டாக்டரம்மாவுக்கே அவ்ளோதாங்கா தெரியும்."

அவள் ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். "அம்பது வயசுலதானே. அதுக்குள்ள கல்யாணம் ஆகட்டும். அப்புறம் வரட்டும், போகட்டும்."

அக்கா ஒசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் வேலை பார்த்தாள். நான் காலேஜ் போனது அவள் சம்பளத்தில்தான். அவளுக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. அதற்கு முந்தைய வருஷம் மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்தது. அப்பாவும் பெரியப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பையனின் அப்பா சம்பளத்தைப் பற்றிக் கேட்க, பெரியப்பா மழையைப் பற்றிச் சொன்னார். அப்பா அதற்குத் தலையாட்டினார். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். செவிட்டு வீடு என்று தரகர் மூலம் சேதி வந்தது. அக்கா அன்றைக்கும் ஷிப்டுக்குப் போனாள்.

இந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது. பையன் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அவள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவனும் சில நாள் வருவான் போலிருக்கிறது. அதை அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இது தவறிவிட்டால் இன்னொரு இடம் வரும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை.

"சொல்லிடலாம்கா. இது ஒண்ணும் அசிங்கம் இல்ல. வயசானா நிறையப் பேருக்கு வர்றது. நம்ம வீட்ல கொஞ்சம் முன்னால வருது, அவ்ளோதான். உனக்கு வந்தாலும் மிஷின் இருக்கு. நானே எடுத்துச் சொல்றேன்" என்றேன்.

"எப்படிச் சொல்வ?"

"விஞ்ஞானபூர்வமா."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "வாயத் தொறந்தே, பாரு."

அக்கா கோபப்படவில்லை. "நீ சொல்றது அவ்ளோவும் நிஜம்தாண்டா. அதான் பேஜாரு. பட்டறைன்னு சொன்னா அப்பாவோட போயிடும். நீ சொல்ற மாதிரி சொன்னா என்கிட்ட வந்து நிக்கும்."

அப்பா ஒருவர் மட்டும் சபையில் உட்காருவார், நான் பக்கத்தில் இருந்து தொடையில் தட்டிக்கொண்டிருப்பேன் என்று முடிவானது.

பெரியப்பாவிடம் சொல்ல நான்தான் போனேன். அவர் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி ஆணியில் மாட்டியிருந்தார். எங்கள் சந்தில் அவரிடம் ஒன்றைச் சொல்வதென்றால் ஏழு வீட்டுக்குச் சொல்வது மாதிரி. காதருகில் குனிந்து, "ஞாயித்துக்கிழமை விசேஷம்" என்று தொடங்கினேன். "தெரியுமே, காலைலயே வந்துர்றேன்" என்றார் சந்து முழுக்கக் கேட்கும்படி. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தொடையில் இரண்டு முறை தட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார்.

"ரெண்டா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அதான் பட்டறையில ஒரு வேலை சொல்லியிருக்காங்க எனக்கு. ஞாயித்துக்கிழமைதான்" என்றார். பட்டறையை மூடி நாளாகியிருந்தது. இப்போது அங்கே ஃபைபர் சூட்கேஸ் விற்கிறார்கள். "உங்கப்பன் தலையைப் பாத்து ஆட்டச் சொல்லு" என்றார் எழுந்துகொண்டே.

அத்தைக்குப் போனில் சொல்ல முடியாது. பக்கத்துக் கடை நம்பருக்குப் பேசி அவள் மகனிடம் சொன்னேன். அவன் மறுநாள் ஆனேக்கலிலிருந்து பஸ் பிடித்து வந்து, அத்தை கொடுத்தனுப்பிய புடவையை வாசலிலேயே கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் போனான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நல்ல மாதிரியான மனிதர்கள். பாய் விரித்து, வந்தவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அப்பாவின் கேட்கிற காது என்று நாங்கள் வைத்திருந்த இடது காதின் பக்கம் நான். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணுக்கு எத்தனை வருஷ வேலை என்று கேட்டார்கள், நான் சொன்னேன், அப்பா ஒரு தட்டுக்கு ஆட்டினார். குலதெய்வம் கேட்டார்கள், மாமா சொன்னார், ஒரு தட்டு. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்கு அத்தைமாருங்க யாரும் இல்லியா?" என்றார்.

"ஒருத்தங்க இருக்காங்க, ஆனேக்கல்ல. ஒடம்பு முடியல" என்றாள் அம்மா.

"அய்யோ. என்ன ஒடம்புக்கு?"

"ஜுரம்" என்றாள் அம்மா. அந்த அம்மாள் தலையசைத்தார்.

மண்டபச் செலவு ஆளுக்குப் பாதி என்று தரகர் முன்பே பேசி வைத்திருந்தார். அதற்கு மேல் கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லியிருந்தார். தாம்பாளம் மாற்ற வேண்டிய நேரம் வந்தது. அப்போது மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "சம்பந்திங்க ரெண்டு பேரும் பக்கத்துல உக்காரணுமில்ல? தம்பி, நீ கொஞ்சம் இப்படி வந்துருப்பா" என்றார்.

நான் எழுந்தேன். எழுந்திருக்காமல் இருக்க ஒரு காரணமும் சொல்ல முடியாது. மாப்பிள்ளையின் அப்பா என் இடத்தில் வந்து உட்கார்ந்தார். ரிட்டையர் ஆன ஃபிட்டர். மெதுவாகப் பேசுகிறவர். எனக்கு எதிர்ப்பக்கப் பாயில், அப்பாவின் முகம் தெரிகிற இடம் கிடைத்தது. கை எட்டாது.

அவர் பாயைப் பார்த்தபடி பேசினார். "பெரிசா ஒண்ணும் இல்லீங்க. வீட்ல பேசினோம். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் சொல்றேன். மண்டபம் பூராவும் உங்க பக்கமே இருக்கட்டும். பையனுக்கு ஒரு வண்டி எடுத்துக் குடுத்துடுங்க. ஃபாக்டரிக்குப் போக வர. மத்தபடி நகை நட்டு உங்க இஷ்டம். என்ன சம்பந்தி?"

என்ன சம்பந்தி என்று கேட்டுக்கொண்டே அப்பாவின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். பிரியமாகத்தான் தட்டினார்.

அப்பா தலையாட்டினார்.

கூடத்தில் எல்லாருக்கும் அது கேட்டிருந்தது, அப்பா ஒருவரைத் தவிர. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் உள்ளறை வாசலில் காபித் தட்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்து ரொம்பக் கொஞ்சமாக, சொல்லாதே என்கிற மாதிரித் தலையை அசைத்தாள். அதற்குள் தரகர், "அப்புறம் என்ன, பெரியவரே ஒத்துக்கிட்டாரு" என்றார். தாம்பாளம் மாற்றினார்கள். பழத்தின்மேல் இருந்த பூ கீழே விழுந்தது, யாரோ எடுத்து வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார்.

வேன் போனதும் அப்பா சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "நல்ல மனுஷங்க. சத்தம் போடாம பேசறாங்க" என்றார்.

நான் அவர் காதருகில் உட்கார்ந்து, என்னென்ன கேட்டார்கள் என்று சொன்னேன். மண்டபம். வண்டி. இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப கேட்டாங்க?"

"தாம்பாளத்துக்கு முன்னால. நீங்க தலையாட்டுனீங்க."

"தொடையில ஒண்ணு விழுந்துச்சு."

"அது அவர் கைப்பா."

அவர் தன் தொடையைப் பார்த்தார். வேட்டியை அங்கே நீவிவிட்டார். "ஒண்ணுதானே விழுந்துச்சு" என்றார்.

மாமா ஒரு மூலையில் நின்றபடி, "இப்பவே போய்ச் சொல்லிட்டா என்ன? அவர் காதுல சரியா விழலைன்னு" என்றார்.

"ஏன் விழலைன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க மாமா?" என்றாள் அக்கா. மாமா உட்கார்ந்துகொண்டார். அம்மா மிச்சமிருந்த காபியை ஒரே பாத்திரத்தில் ஊற்றினாள். யாரும் குடிக்கவில்லை. நான் மறுநாள் காலை எத்தனை குழாய் சுழற்ற வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பணம் புரட்டிய கதை எல்லா வீட்டுக் கதையும்தான். கல்யாணம் நடந்தது. பெரியப்பாவும் அத்தையும் கட்டாயம் வரவேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அம்மா அவர்களை மண்டபத்தின் இரண்டு மூலையில் தள்ளித் தள்ளி உட்காரவைத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் மூன்று பேரும் ஒரே வரிசையில், அப்பா நடுவில், உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் நேராக அவர்கள் காதுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கடந்து போனார்கள், கும்பிட்டார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று அம்மா சொன்னாள்.

சில மாதங்கள் கழித்து அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு மாப்பிள்ளை ஓவர்டைமுக்குப் போய்விட்டார். அப்பா திண்டுமேல் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குக்கர் வைத்திருந்தாள்.

"அவங்களுக்கு முன்னாலயே தெரியுமாம்" என்றாள் அக்கா.

"எது?"

"காது விஷயம். அந்தத் தரகர் முதல் நாளே சொல்லிட்டாராம். அப்பா, பெரியப்பா, அத்தை, தாத்தா எல்லாம்."

அம்மா திரும்பினாள்.

"நேத்து அத்தை, என் மாமியார், கீரை ஆஞ்சுக்கிட்டே சொல்றாங்க. 'தெரிஞ்சுதாம்மா பண்ணோம். நாளைக்கு உனக்கு வரும், பேரப் புள்ளைங்களுக்கு வரும். அதை எல்லாம் யோசிச்சுத்தான் வண்டியும் மண்டபமும் சேத்துக் கேட்டது. இல்லன்னா நாங்க கேக்கற ஆளுங்க இல்ல. உங்கப்பாவும் ஒரு வார்த்த பேரம் பேசல. நியாயம் தெரிஞ்ச மனுஷன்'னாங்க. கெட்ட எண்ணமா சொல்லல. எனக்குச் சோறு போட்டுக்கிட்டே சொன்னாங்க."

எல்லாத்தையும் யோசிச்சு என்று அவர் அன்று சொன்னது எனக்கு நினைவு வந்தது.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"என்ன சொல்றது? தலையாட்டினேன்."

குக்கர் விசில் அடித்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள், நானும் பார்த்தேன். அப்பா பேப்பரைத் திருப்பினார்.

டாக்டரம்மாவின் ஆய்வு இன்னும் முடியவில்லை. எங்கள் குழாய்கள் அதே ஃபிரீசரில் இருக்கின்றன. தாளில் நானும் அக்காவும் இன்னும் வெள்ளைதான். எங்களுக்கு என்ன வரும், யாருக்கு வரும் என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. அதற்கு மதிப்புப் போட முடிந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மட்டும்தான். அப்பாவின் காது மிஷின் அதற்கப்புறம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அந்தச் செலவு இதில் சேராது. மண்டபத்தின் மறுபாதி, வண்டி, அதற்கான ரிஜிஸ்ட்ரேஷன், எல்லாம் சேர்த்து அந்த ஒரு தட்டுக்கு நாங்கள் கொடுத்தது ஐம்பத்தோராயிரத்து எண்ணூறு ரூபாய்.